கோப்பியின் கூற்றுவனைக் கண்டறிந்த அறிஞர் மார்ஷல் வார்ட்

மலையகத்துத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தோர் அளவை என்பதை முதன்முதலில் அறிந்துகொள்வது பள்ளிக்கூடத்திலன்று, கொழுந்து மடுவத்திலாகும். மாலைப் பொழுதில் கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்து நின்ற எம் அன்னையாரின் அருகே நின்று, தராசின் முள்ளை அண்ணாந்து பார்த்த நினைவு எமக்கு இன்றும் உண்டு. முள் ஒன்றைக் காட்டும். துண்டில் வேறொன்று ஏறும். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று கழித்தபின் எஞ்சுவது குறித்த நிறைக்குக் குறையுமாயின் அன்றைக்கு அரைப்பேர்தான். ஆதலால், அளப்பது என்பது நம்மிடமிருந்து எடுப்பதற்கு இட்ட மறுபெயர் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தோம்.

பின்னர் இக்கல்லூரியின் விடுதியிற் தங்கிப் பயின்ற காலத்தில், சைவசமய பாடம் கற்பித்த ஆசிரியர் அளவைகளைப் பற்றி விளக்கினார். கண்டறிவது காண்டலளவை, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது கருதலளவை, நம்பத்தக்கோர் கூற்றால் அறிவது உரையளவை என்று அவர் வகுத்துக் காட்டியபோது எமக்கு வியப்பொன்று தோன்றிற்று. நிறுத்தலையும் எண்ணலையும் குறிக்கும் அதே சொல், மெய்ம்மையை அறியும் வழியையும் குறிக்கின்றதே! மடுவத்துத் தராசுக்கும் சித்தாந்த நூலுக்கும் பொதுவாக ஒரு சொல்லைத் தமிழர் வைத்திருந்தனர்.

அவ்விரு பொருளையும் தம் வாழ்வில் ஒன்றாக்கிக் காட்டிய அறிஞர் ஒருவர் உளர். அவர் தமிழரல்லர், சைவருமல்லர். ஈராண்டுகள் மட்டுமே இத்தீவில் வாழ்ந்தவர். ஆயினும் எம் முன்னோரின் வாழ்வைத் தலைகீழாக மாற்றிய பெருங்கேடு ஒன்றின் காரணத்தை அளந்தறிந்து கூறியவர் அவரே. தாவர நோயியலார் அனைவரும் அறிந்த அப்பெயரை மலையகத்து மாணவர் பலர் கேள்வியுற்றதில்லை. விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் சரிதம் எழுதுமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, ஹரி மார்ஷல் வார்ட் என்னும் அவ்வறிஞரையே தேர்ந்துகொண்டோம்.

இளமையும் கல்வியும்

மார்ஷல் வார்ட் 1854ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெரபோட் நகரிற் பிறந்தார். தந்தையார் இசையாசிரியர். செல்வம் நிறைந்த குடும்பமன்று. பதினான்கு வயதளவிற் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. எனினும் கல்வியை அவர் கைவிட்டாரில்லை. மாலை வகுப்புக்களிற் பயின்று, 1874-75இல் இலண்டன் தென்கென்சிங்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லி ஆசிரியர்களுக்கென நடாத்திய பயிற்சி வகுப்பில் இடம்பெற்றார். எம்மைப்போன்ற பயிற்றப்பட்ட ஆசிரியர்களுக்கு இச்செய்தி தனியான மகிழ்ச்சி தருவது. உலகம் போற்றும் ஓர் அறிஞர் ஆசிரிய பயிற்சியின் வாயிலாகவே அறிவியலுட் புகுந்தார் என்பதை நினைந்து பெருமை கொள்ளலாம் அன்றோ?

ஹக்ஸ்லியின் வகுப்பிற் புத்தகத்தைக் காட்டிலும் நுணுக்குக்காட்டிக்கே முதலிடம். இன்னொருவர் எழுதியதைப் படிப்பதற்கு முன் தானே வெட்டிப் பார்த்தல், பார்த்ததை வரைதல், வரைந்ததை அளத்தல் என்பனவே அங்கு கற்பிக்கப்பட்டன. அந்தப் பழக்கம் வார்ட்டை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியிற் சிலகாலம் பயின்றபின், 1876இற் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்து, 1879இல் முதல் வகுப்பிற் தேறினார். அடுத்து ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில், தாவர உடற்றொழிலியலின் தந்தை எனத்தக்க சாக்ஸ் என்பாரிடம் மாணாக்கராயிருந்தார். அவ்வேளையிலேதான் இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது.

கோப்பிக் காலத்து மயக்கம்

அழைப்பின் காரணத்தை அறிவதற்கு அக்காலத்து மலைநாட்டின் நிலையை நாம் சற்று நோக்குதல் வேண்டும். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை போர்த்திருக்கும் மலைச்சரிவுகளிற் பெரும்பகுதி அன்று கோப்பித் தோட்டங்களாயிருந்தது. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பத்திலட்சம் அந்தரைக் கடந்தது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காடுகளூடே நடந்து வந்த எம் முன்னோரின் உழைப்பே அந்தச் செல்வம். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் எத்தனை பேர் என்பதற்குச் செம்மையான கணக்கு வைக்கப்படவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் கடன். கோப்பியை நிறுத்தவர்கள் அதனைச் சுமந்தவர்களை எண்ணி வைக்கவில்லை.

1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. இலைகள் உதிர்ந்தன. பேராதனைப் பூந்தோட்டத்தின் இயக்குநராயிருந்த துவைற்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி, புறூம் என்னும் அறிஞரிருவர் ஆராய்ந்து, இது புதியதொரு பங்கசு என்று கண்டு, ஹெமிலெயா வஸ்தாத்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். முற்சொல் அதன் வித்தியின் பாதிப்பக்கம் வழுவழுப்பானது என்பதையும், பிற்சொல் அது பேரழிவு செய்வது என்பதையும் குறிப்பன.

பெயரிட்டும் பதினோராண்டுகள் வரை நோயின் இயல்பை ஒருவரும் முற்றாக அறிந்திலர். அதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருந்தது. நோய் பரவிய அதே காலத்தில் கோப்பியின் விலை உயர்ந்தது. டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா முதலிய மேற்சரிவுகளிற் காடுகளை வெட்டிப் புதிய தோட்டங்களைத் திறந்தவண்ணமிருந்தனர். ஏக்கர் பெருகியதால் மொத்த ஏற்றுமதியைப் பார்த்தோருக்குக் குறை பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் ஏக்கரால் வகுத்துப் பார்த்தோர் திடுக்கிட்டனர். ஏக்கருக்கு நாலரை அந்தர் தந்த நிலம், பத்தாண்டு முடிவதற்குள் இரண்டு அந்தரளவே தந்தது. மொத்தத்தை மட்டும் பார்ப்பது ஒருவகைக் கண்மூடல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை எம் கணித ஆசிரியர்கள் தேடவேண்டியதில்லை.

பேராதனையில் ஈராண்டு

1880இல், இருபத்தாறு வயதினராய், வார்ட் அரசாங்கப் பூவாத்தாவர ஆய்வாளராகப் பேராதனைக்கு வந்து சேர்ந்தார். அவரை வரவேற்றவை உரைகளே. மண்ணின் வளம் குன்றியமையே நோய்க்குக் காரணம் என்றனர் சிலர். மழை பிழைத்தமையே என்றனர் வேறு சிலர். செடி முன்னமே நலிந்து போனமையாலேதான் பங்கசு தோன்றுகிறது, ஆகவே பங்கசு விளைவேயன்றிக் காரணமன்று என்றனர் மற்றுஞ் சிலர். அனைவரும் அனுபவமிக்க துரைமார். எதிரே நின்றவரோ தோட்டம் நடாத்திப் பழகாத இளைஞர்.

வார்ட் எவரோடும் வாதிட முற்படவில்லை, காண்டலிலே தொடங்கினார். செம்மஞ்சட் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. அதனை நீர்த்துளியில் இட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பகலிரவாகப் பார்த்திருந்தார். ஈரமின்றேல் வித்தி வாளாவிருந்தது. ஈரமும் உரிய வெப்பமும் வாய்த்தால் ஒரு நாளுக்குள் முளைத்து நூல்போன்ற குழாயொன்றை நீட்டியது. கோப்பியிலையின் அடிப்புறத்தே அந்தக் குழாய் இலைவாய் ஒன்றைத் தேடியடைந்து உட்புகுந்தது. உட்புகுந்தபின் இழைகளாகப் பிரிந்து, இலையின் கலங்களுக்கு உறிஞ்சிகளைச் செலுத்தி உணவைக் கவர்ந்தது. இரண்டு மூன்று கிழமைகள் கழிந்தபின் அவ்விடத்தே மஞ்சட்புள்ளி தோன்றி மீண்டும் பொடி உதிர்த்தது.

இனி, நலிந்த செடியிலேதான் நோய் வரும் என்ற கூற்றுக்கு விடை காணவேண்டியிருந்தது. நன்கு பேணிய நலமுள்ள செடிகளின் இலைகளில் வித்திகளை இட்டு, இட்ட இடங்களைக் குறித்து வைத்துக் காத்திருந்தார். இட்ட இடங்களிலே புள்ளி தோன்றிற்று. மண்ணும் மழையும் செடியும் ஒன்றாயிருக்க, வித்தி ஒன்றே வேறுபாடாயிருந்தமையால், நோய்க்கு முதல் அவ்வித்தியே என்பது ஐயமற நிலைபெற்றது. நோயை மட்டுமன்றி அதன் முதலையும் நாடவேண்டுமென்று வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கைப் பேராதனையில் ஓர் ஆங்கில இளைஞர் செடிக்குச் செய்து காட்டினார் எனலாம்.

வித்தி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்வது எங்ஙனம்? இதற்கும் அவர் கையாண்ட முறை மிக எளிது. பசைத்தன்மையுள்ள கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் காற்றுப்படும்படி வைத்தார். பின்னர் எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினார். காற்று சுமந்து வந்த தூசியிடையே நோயின் வித்திகள் ஒட்டியிருந்தன. கண்ணுக்குப் புலனாகாது பரவும் ஒன்றை எண்ணத்தக்கதாக்கிய இந்தக் கண்ணாடித் துண்டை, தாவர நோயியலின் தலைசிறந்த கருவிகளுள் ஒன்றென்றே யாம் கருதுகிறோம். இக்காலத்தில் வித்திகளைப் பொறிகொண்டு பிடித்து மணிதோறும் எண்ணுகின்றனர். கருத்து அன்றைய கருத்தே.

கண்டதோடு அவர் நின்றாரில்லை, கருதலளவைக்குச் சென்றார். ஒரு புள்ளியிலிருந்து வெளிவரும் வித்திகள் இலட்சத்தைக் கடக்கும். அவற்றுட் பெரும்பாலன வீணாகுமென வைத்துக்கொள்வோம். இலட்சத்திற் பத்து மட்டும் வேறிலைகளிற் சேர்ந்து புள்ளியாகின்றன என்போம். மூன்று கிழமையில் ஒன்று பத்தாகும். ஆறு கிழமையிற் பத்து நூறாகும். ஒன்பது கிழமையில் ஆயிரமாகும். கடன்பட்டார் அனைவரும் நன்கறிந்த வட்டிக்கு வட்டிக் கணக்கே இது. செடிநோய் பரவும் விதத்தை வட்டிக் கணக்காக எழுதிக் காட்டும் முறை 1963இல் வான்டர்பிளாங்க் என்னும் தென்னாபிரிக்க அறிஞரின் நூலால் உலகெங்கும் நிலைபெற்றது. அக்கணக்குக்கு வேண்டிய உறுப்புக்களாகிய வித்தியின் தொகை, முளைக்கும் நேரம், புள்ளி தோன்றும் காலம், காற்றின் வழி ஆகியவற்றைச் சேர்த்து வைத்த முன்னோடிகளுள் வார்ட் தலையாயவர். இன்று மாதிரியுரு என்று பெரிதாகப் பேசப்படுவது, அளந்த எண்களைக் காரணகாரிய முறையிற் கோத்து வரப்போவதை முன்னறிதலேயன்றி வேறன்று.

இலைநோயாற் காய் குறைவது ஏன் என்பதையும் அவர் விளக்கினார். இலையே செடியின் சமையற்கூடம். உரிய காலத்துக்கு முன்னே அது உதிர்ந்தால் காய்க்குச் செல்லவேண்டிய உணவு புதிய இலை தளிர்ப்பதிலே செலவாகிவிடும். செடி சாவதில்லை, ஆனாற் காய்ப்பதுமில்லை. உரமிட்டாற் தளிர்க்கும், தளிர்த்த இலையிலும் நோயே குடியேறும். எனவே உரம் நோய்க்கு மருந்தாகாது என்பது பெறப்பட்டது.

மருந்தில்லாத மெய்ம்மை

துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. வார்ட் தந்ததோ மெய்ம்மையை. சுண்ணாம்பும் கந்தகமும் தூவுதலை அவர் ஆராய்ந்தார். வித்தி முளைத்து உட்புகுவதற்கு முன்னரே இலையின் மேல் மருந்து இருக்கவேண்டும். உட்புகுந்தபின் தூவுவதாற் பயனில்லை. பருவமழை பொழியும் மலைச்சரிவில், இலட்சக்கணக்கான ஏக்கரில், ஒவ்வோரிலையின் அடிப்புறத்திலும் பொடியை நிலைநிறுத்துதல் அக்காலத்தில் ஆகாத செயலாயிருந்தது. இதனை அவர் மறைக்கவில்லை. செம்பும் சுண்ணாம்பும் கலந்த போடோக் கலவையின் ஆற்றலைப் பிரான்சில் மில்லார்டே வெளியிட்டது 1885இல். வார்ட் இத்தீவை விட்டு நீங்கி மூன்றாண்டுகள் கழிந்திருந்தன!

இன்னொரு கருத்தையும் அவர் எடுத்துரைத்தார். காடுகளை அழித்து இடைவெளியின்றி ஒரேயினப் பயிரை மலைக்கு மலை நட்டமையே நோய்க்கு இட்ட விருந்து என்பது அது. காற்றைத் தடுக்க மரங்களில்லை; வித்தி சென்று வீழுமிடமெங்கும் கோப்பியிலையே. காட்டிற் சிதறிக்கிடந்த சில செடிகளிற் பன்னெடுங்காலம் அடங்கியிருந்த பங்கசு, மனிதன் விரித்த பாயிலே படுத்துப் பெருகியது. முதலிட்டோருக்கு இக்கூற்று உவப்பளித்திருக்குமா? ஈராண்டு முடிவில் அவரது அறிக்கைகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. ஆனால் மருந்து கண்டிலர் என்ற குறையே தோட்டங்களில் மிஞ்சியது. 1882இல் அவர் தாயகம் திரும்பினார்.

அவர் அஞ்சியவாறே நிகழ்ந்தது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்த ஓறியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. 1890ஐ அணுகும்போது முன்னைய ஏற்றுமதியிற் பத்திலொரு பங்களவே எஞ்சிற்று. இடையிற் சிலர் சிங்கோனா மரத்தை நாடினர். இறுதியில் நிலைத்தது தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்ட பத்தொன்பது ஏக்கரிற் தொடங்கிய பயிர், 1895அளவில் மூன்றிலட்சம் ஏக்கரை எட்டியது.

இம்மாற்றம் பயிரோடு நின்றதன்று. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே மிகுதியான ஆட்கள் தேவை. ஆகவே வந்தவர் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறின. எம் பாட்டனாரின் பாட்டனார் திரும்பிப் போகாமைக்குக் காரணம் யாது என்று கேட்பார்க்கு, ஒரு மில்லிமீற்றரின் நாற்பதிலொரு பங்களவேயுள்ள ஒரு வித்தி என்று கூறினும் முற்றிலும் பிழையாகாது.

தாயகத்திற் பெற்ற பெருமை

தோல்வியாளர் போற் திரும்பிய வார்ட்டின் திறமையை அறிவுலகம் விரைவில் உணர்ந்தது. 1883இற் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரி அவரைத் தன் உறுப்பினராக்கியது. அவ்வாண்டிலே செலீனா மேரி கிங்டன் என்னும் அம்மையாரை மணந்தார். 1885இல், இந்தியாவுக்கு எந்திரவியலாளரையும் வனத்துறையினரையும் பயிற்றிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரானார். பாலமும் பாதையும் அமைக்கக் கற்போர் நடுவே, மரம் உளுத்துப் போவது ஏன் என்பதை அவர் கற்பித்தார். வெட்டுமரமும் அதன் நோய்களும் பற்றி அவர் எழுதிய நூல் 1889இல் வெளிவந்தது. 1888இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராயினார். 1893இல் அச்சங்கத்தின் றோயல் பதக்கத்தைப் பெற்றார்.

பேராதனையிற் பயின்ற முறையை மனிதனின் நோய்க்கும் அவர் பயன்படுத்தினார். குடிநீரிலுள்ள பற்றீரியாக்களை ஆராயும் பணியிற் பேர்சி பிராங்க்லண்ட் என்னும் இரசாயன அறிஞரோடு ஈடுபட்டார். கொடிய அந்திராக்ஸ் நோயின் வித்திகளைக் கூழிற் பரப்பி, எழுத்து வடிவில் வெட்டிய தகட்டின் ஊடாகச் சூரிய ஒளி படுமாறு வைத்தார். ஒளி பட்ட இடத்திற் பற்றீரியா வளரவில்லை. அவ்வெழுத்தே வெறுமையாய்த் தெளிந்து நின்றது. ஒளியை நிறங்களாகப் பிரித்து நோக்கி, நீலமும் ஊதாவுமான கதிர்களே கொல்லும் ஆற்றலுடையன என்று நிறுவினார். இன்று ஊதாக்கடந்த கதிர்களால் நீரைத் தூய்மை செய்கிறோம். அவ்வழியைத் தொடக்கத்தில் வெட்டியோருள் அவரும் ஒருவர்.

தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்த பற்றீரியம் ஒன்றின் இழையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அது நீளுவதைக் காலவரையறையோடு அளந்து வளர்ச்சிக் கோடு வரைந்தார். அவ்வாய்வு 1895இல் வெளியாயிற்று. ஓருயிர் இரட்டிப்பதற்கு எடுக்கும் நேரம், வெப்பத்துக்கேற்ப அந்நேரம் மாறும் விதம் ஆகியவற்றை எண்ணாற் கூறுதல் இன்று மருத்துவக்கூடங்களில் அன்றாட வழக்கம். அவர் காலத்திலோ அது மணிக்கணக்காகக் கண்ணிமையாது செய்யும் தவமாயிருந்தது.

1895இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியர் பதவி அவரை அடைந்தது. அவர் முயன்று பெற்ற புதிய தாவரவியற் கூடத்தை 1904இல் எட்வேட் மன்னர் திறந்து வைத்தார். இக்காலத்தில் அவர் புரோமசு என்னும் புல்லினங்களின் துருநோயை ஆராய்ந்தார். சிலவகைப் புல் நோய்க்கு ஆளாக, சிலவகை எதிர்த்து நிற்பது ஏன்? இலைவாய்களின் தொகையும் பருமையும், மயிர்களின் அடர்த்தியும் போன்ற வெளியமைப்பே காரணமாகலாம் என்பது எவர்க்கும் எளிதிற் தோன்றும் எண்ணம். அவரோ பலவகைப் புற்களில் அவற்றை எண்ணியும் அளந்தும் பார்த்தார். எண்ணிக்கைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பில்லை என்றே முடிவாயிற்று. தாம் அரிதின் முயன்று எண்ணியதன் பயன் இல்லை என்னும் ஒரு சொல்லே எனினும் அதனையும் அவர் அஞ்சாது வெளியிட்டார். எதிர்ப்பின் காரணம் உயிர்ப்பொருளின் உள்ளே உளது என்பதற்கு அதுவே வழிகாட்டிற்று. தம் கருத்துக்கு மாறாக எண்கள் நிற்கும்போது எண்களின் பக்கம் நிற்பவனே அறிஞன்.

நீரிழிவு நோய் அவரை நலிவித்தது. இன்சுலின் கண்டறியப்படாத காலம் அது. 1906ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், டோர்க்கி என்னும் கடற்கரை ஊரில் அவர் உயிர் நீத்தார். அவருடைய மைந்தர் பிராங்க் கிங்டன் வார்ட் பின்னாளிற் திபெத்து, பர்மா முதலிய நாடுகளின் மலைகளிற் செடிகளைத் தேடிப் புகழ்பெற்றார்.

தலவாக்கலையில் தொடர்ந்த கணக்கு

அவரோடு அக்கணக்கு முடிந்ததா? இல்லை. தேயிலையும் கோப்பியைப் போலவே மலைக்கு மலை இடைவெளியின்றி நடப்பட்டதன்றோ? 1946இற் தேயிலைக் கொப்புள நோய் இலங்கையை வந்தடைந்தது. இதுவும் பங்கசு, இதுவும் காற்றிற் பரவுவது, இளங்கொழுந்தையே தாக்குவது. கோப்பிக்கு நேர்ந்தது தேயிலைக்கும் நேருமோ என்று மலைநாடு கலங்கியது.

ஆயினும் இம்முறை நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. செம்பு மருந்து கையிலிருந்தது. நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் இடையே தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்திற் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மருந்தை எப்போது தெளிப்பது என்பதே கேள்வி. நாள்தோறும் தெளித்தாற் பொருள் விரயம். பிந்தினாற் பயிர் விரயம். அங்கே விசர், சண்முகநாதன், சபாநாயகம் என்போர் வெயிலுக்கும் மழைக்கும் கொப்புளத்துக்குமுள்ள தொடர்பை அளந்து 1961இல் வெளியிட்டனர். அறுபதுகளிற் கெர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் காற்றிலுள்ள வித்திகளை எண்ணி, இலை ஈரமாயிருக்கும் நேரத்தை வெயில் மணிகளால் மதிப்பிட்டு, ஏறத்தாழ மூன்று கிழமைக்குப் பின் வரக்கூடிய நோயின் அளவை முன்கூட்டிக் கணிக்கும் முறையை வகுத்தனர். வெயில் நிறைந்த நாளில் வித்தி உலர்ந்து மாளும். மப்பும் மூடுபனியும் தொடர்ந்தால் முளைக்கும். ஆகவே வெயில் மணிகளைக் கூட்டிப் பார்த்தே மருந்துத் தொட்டியை எடுப்பதா வைப்பதா என்று தீர்மானிக்கலாயிற்று. ஈரமும் நேரமும் வித்தியும் என்று பேராதனையில் வார்ட் பிரித்து வைத்த அதே உறுப்புக்கள் இவை. தமிழ்ப்பெயர் தாங்கியோரும் அப்பணியிற் பங்குகொண்டனர் என்பது நமக்கு உவகை தருவது.

வார்ட் கோப்பியைக் காத்தாரில்லை. ஆனால் அவர் காட்டிய வழி தேயிலையைக் காக்கத் துணைசெய்தது. உடனே பயன் தராத மெய்ம்மையும் வீண்போவதில்லை. உரிய கருவியும் காலமும் வாய்க்கும்வரை அது பொறுத்திருக்கும்.

முடிவுரை

யாம் தமிழ் கற்பிப்பவர். விஞ்ஞானம் எமது துறையன்று. ஆயினும் மழைமாதமொன்றில், எம் பாடசாலைக்கு அருகிலுள்ள தேயிலை மலைக்கு மாணவரை அழைத்துச் சென்று வார்ட்டின் சரிதத்தைக் கூறினோம். நூறு கொழுந்துகளில் எத்தனையிற் கொப்புளம் உளது என எண்ணுமாறு பணித்தோம். ஒரு குழு பதினேழு என்றது. மற்றக் குழு இருபத்துமூன்று என்றது. எது சரி என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சரியென உரைத்திருந்தால் அவர்கள் நம்பியிருப்பர், அஃது உரையளவை. அங்ஙனம் செய்யாது, மீண்டும் எண்ணுங்கள் என்றோம். எண்ணும்போதுதான், ஊசிமுனையளவுப் புள்ளியைக் கொப்புளமாகக் கொள்வதா, தள்ளுவதா என்பதில் இரு குழுவும் வேறுபட்டமை வெளிப்பட்டது. எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் வரையறுக்கவேண்டும் என்ற பாடத்தை அவர்கள் தாமே கற்றனர்.

சில கிழமைகளின் பின் அச்சிறுமி ஒரு கொப்பியைக் கொணர்ந்து காட்டினாள். தன் தாயார் பறித்த கொழுந்தின் நிறையை நாள்தோறும் அதிற் குறித்திருந்தாள். முள் காட்டியது ஒரு நிரல். துண்டில் ஏறியது அடுத்த நிரல். இரண்டுக்குமுள்ள வேறுபாடு மூன்றாம் நிரல். அதன் கீழே கூட்டுத்தொகையும் இருந்தது. யாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். அவளுடைய வயதில் எமக்குத் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தராசின் முன் அண்ணாந்து நிற்பதோடு அமையாது, அதனைத் தானும் வாசித்து எழுதி வைக்கலாம் என்பதே அது. கோப்பிக் காலத்தில் எவரும் வைக்காத கணக்கை இக்கொப்பிக் காலத்தில் ஒரு குழந்தை வைக்கத் தொடங்கியிருக்கிறாள்.

அளவை பிறர் கையில் மட்டும் இருக்குமாயின் அது சுமை; நம் கையிலும் இருக்குமாயின் அது கண். கண்ணாடித் தகட்டை ஏந்திக் காற்றைச் சோதித்த அந்த இளைஞரின் வாழ்வு நமக்குக் கூறுவது இதுவே. எமக்குக் கல்விக் கண் திறந்த இக்கல்லூரித் தாய், காண்பதைக் காணவும், கண்டதை எண்ணவும், எண்ணியதை அஞ்சாதுரைக்கவும் வல்ல மக்களை மேன்மேலும் ஈன்று பல்லாண்டு வாழ்க என இறைவன் திருவடியை வழுத்தி அமைகின்றோம்.